சாரா என்று எழுதிய படகு

விசைப்படகுக்குப் பேர் எழுதும் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: படகு கைமாறினால் பேரும் மாறும், நமக்கு வேலை வரும். வெயிலிலும் மீன் நாற்றத்திலும் நின்று வயிறு வளர்க்கும் என் சக பெயிண்டர்களே, நீங்களும் இதை நம்பித்தானே பிரஷ்ஷைக் கழுவி வைக்கிறீர்கள்? மண்டபம் கரையில் ஒரு படகு மட்டும் என்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது.

முதல் பூச்சு

காசிம் பாய் புதுப் படகு இறக்கியபோது மகளுக்கு ஐந்து வயது. முகப்பில் அவள் பேரைப் பச்சை எனாமலில் எழுதச் சொன்னார். ‘சாரா’ என்று இரண்டே எழுத்து. அதற்கே அரைநாள் ஆக்கிவிட்டார். துணைக்கால் குட்டையாக இருக்கிறதாம், பேர் இன்னும் மேலே வர வேண்டுமாம். பிள்ளை அவர் தோளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“இப்ராஹிம் நபியோட பீவி பேரு தம்பி. சந்தோசத்தக் கொடுக்குறவன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள நொழஞ்சதும் மொதல்ல இவளத்தான் கூப்புடுவேன்.”

சொல்லக் கூடாத பேர்

பதினெட்டு வருஷம் கழித்து, சாரா தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவள் பேரை யாரும் சொல்லக் கூடாது என்று பாய் சட்டம் போட்டார். படகிலும் அழிக்கச் சொல்வார் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேலை கொடுக்கத்தான் செய்தார். மங்கிப்போன பேருக்கு மேலேயே இன்னொரு பூச்சு!

நான் முழித்ததைப் பார்த்துச் சொன்னார்: “வீட்ல சொல்லக் கூடாதுன்னுதான சொன்னேன். படகுல இருக்கக் கூடாதுன்னா சொன்னேன்?”

தங்கச்சிமடத்துக்காரர்

மூட்டுவலி முற்றியதும் பாய் படகைத் தங்கச்சிமடம் சேவியர் அண்ணனுக்கு விற்றார். பேரை விட்டுவையுங்கள் என்று வாங்கியவரிடம் கேட்க ரோஷம் விடவில்லை. என் கையைப் பிடித்து, “நீயாவது நாலு நாள் தட்டிக்கழி” என்றார்.

தட்டிக்கழிக்க அவசியம் வரவில்லை. சேவியர் அண்ணன் பேரை வாசித்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்: “இது எங்க பைபிள்ல உள்ள பேருப்பா. இளவரசின்னு அர்த்தம். எதுக்கு அழிக்கணும்?”

மூன்றாவது கை

போன மாதம் அவரும் விற்றார். இந்த முறை வாங்கியவர் நயினார்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் முனியசாமி. தன் ஊர்ச் சாமி பேரில் ‘நாகநாதர் துணை’ என்று எழுதச் சொன்னார். விஷயம் தெரிந்து பாய் கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்கு வந்து, தள்ளி நின்றார். உப்புத்தாளைக் கையில் எடுத்த எனக்குத் தேய்க்க மனசு வரவில்லை. உள்ளதை முனியசாமியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் நாகநாதரைப் பின்பக்கம் எழுதச் சொல்லிவிட்டு, பாயை அருகில் கூப்பிட்டார்.

“எங்க அக்கா பேத்திக்கும் இதே பேருதான் வச்சிருக்காக. இருந்துட்டுப் போகட்டும் பாய். ஆனா கடல்ல வயர்லெஸ்ல இந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடணும். இங்கன நின்னு நீங்களே ஒருக்கா கூப்புட்டுக் காட்டுங்க.”

பாய்க்கு உதடு அசைந்ததே தவிர அந்தப் பேர் வாயில் வரவில்லை; இன்றுவரை வரவில்லை. பேர் எழுதியே பிழைக்கிற நானோ, அந்தப் படகில் மட்டும் பேர் மாற்றும் வேலையே எனக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு திரிகிறேன்.