வாய் மூடிய பார்சல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம். அப்போது நாங்கள் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரி என்பதால் பழைய திருவிதாங்கூர் சக்கரம் என்னும் வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பதில் பைத்தியம். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும்.

காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் ஊர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் பணம் அனுப்பிப் பத்துச் சக்கரங்கள் கேட்டார். சாதாரணக் கவரில் போட்டு, ஓரத்தை ஒட்டித் தபாலில் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தது கவர் மட்டும்தான். மூலையில் சின்னக் கிழிசல். அவர் அதைப் படம் பிடித்துப் போட்டதும் குரூப் அட்மின் கேட்டார்: "டெல்லி அக்கா, கவர்ல காத்த அடைச்சு அனுப்புனியளா?" அடுத்து ஒருத்தர், "பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார்.

"ரூவாயத் திருப்பிக் குடுத்துட்டு குரூப்ப விட்டு வெளிய வா பிள்ள" என்றார் வீட்டுக்காரர். ஊருக்கு ரயில் ஏறுகிற யாரிடமாவது கொடுத்துவிடு என்றார்கள் தோழிகள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விற்கவே மாட்டேன் என்று வைத்திருந்த என் சொந்தச் சக்கரங்களில் பத்தை எடுத்தேன். அதே தபாலில்தான் அனுப்புவேன் என்று குரூப்பில் எழுதியும் விட்டேன். இதுவும் தொலைந்தால் காசும் போச்சு, பேரும் போச்சு.

இந்த முறை மாத்திரை டப்பா, மேலாகக் கொஞ்சம் பஞ்சு, மூன்று சுற்று டேப். தபால் ஆபீஸ் வாசலில் வெள்ளைத் துணியில் பார்சல் தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் பெருமையாக நீட்டினேன். என் வயதுதான் இருப்பாள். டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

"தீதி, யே தோ போல் ரஹா ஹை."

பார்சல் பேசுகிறதாம். நானும் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே கலகலவென்று ஊர்க்கதை. குலுக்குகிற எவனுக்கும் உள்ளே காசு என்று தெரிந்துவிடும். அப்போதுதான் உறைத்தது. முதல் கவரிலும் அவை இப்படித்தான் ஓடி ஓடி மூலையைக் கிழித்திருக்கும். தபால்காரரை நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே சேர வேண்டியது.

அவள் தன் பழைய காலண்டர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தாள். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு காசையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, அட்டையில் வரிசையாக வைத்து, காகித ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டினேன். மேலே இன்னொரு அட்டை வைத்து இறுக்கிக் கட்டி, அவளிடம் இருந்த சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, மிச்ச இடத்தில் செய்தித்தாளைத் திணித்தேன். குலுக்கினாள். சத்தமே இல்லை. "அச்சா" என்று ஊசியில் நூல் கோத்தாள். தையல் மேல் அரக்கு உருக்கி ஊற்றினாள். முத்திரைக்கு என் கல்யாண மோதிரத்தின் சிலுவையை அழுத்தினேன்.

கவுண்டரில் இருந்தவர், இன்ஷூரன்ஸ் எல்லாம் எதற்கு, கிஃப்ட் என்று எழுதிவிடுங்கள் என்றார். "பழைய வெள்ளிக் காசு. அப்படியே எழுதுங்க அண்ணா" என்று இந்தியில் சொல்லி, இன்ஷூரன்ஸும் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் வாத்தியார் வீடியோ போட்டார். அரக்கு உடையவில்லை. பிரித்தார், பத்தும் இருந்தன. அதன் கீழேயே எழுதினேன்: "முதல் கவர்ல தப்பு என்னோடது. ஒழுங்கா கட்டத் தெரியல. ஆனா காத்த அடைச்சு அனுப்பல. பொம்பளைக்கு எதுக்குன்னு கேட்டவரு இப்ப வந்து சொல்லட்டும்."

வந்தது அட்மின். "அக்கா, எப்படிக் கட்டுனிய?" என்றார்.

இன்றும் எந்தப் பார்சலையும் கொடுப்பதற்கு முன் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். அது வாயை மூடிக்கொண்டிருந்தால், நான் யார் முன்னாலும் வாய் திறந்து பேசலாம்.