எடை போட்ட அம்மா

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எடை போடும் அம்மா குட்டையாக இருப்பார். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். எடையைக் குழந்தையிடம்தான் சொல்வார். அது சிரித்தோ அழுதோ பதில் சொன்ன பிறகுதான் சீட்டில் எழுதுவார்.

என் மகளுக்கு இரண்டரை வயது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஊமையோ என்று பயந்து தூக்கிப்போனேன்.

"பத்து கிலோ இருக்கீங்க. சரிங்களா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என் வாயைப் பார்த்தாள். அந்த அம்மா காத்திருந்தார்.

"எழுதும்மா, எங்க பஸ்ஸு போயிடும்" என்று வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

"இரு, அவுங்க சொல்லட்டும்."

மகள் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வூட்ல யாரு இவகிட்ட பேசுறது?"

"இவ அம்மா தவறிட்டா. நான்தாங்க."

"சோறு ஊட்டறப்ப என்னா பேசுவ?"

யோசித்தேன். அதற்கும் காத்திருந்தார்.

"ஒண்ணும் பேச மாட்டேங்க" என்றேன்.

"காத டாக்டர் பாப்பாரு. நீ போற வழியெல்லாம் எதுனா பேசிக்கினே போ."

காது நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். ஊருக்குத் திரும்பும் குமராட்சி மினிபஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "மாடு" என்றேன். "வாய்க்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகள் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு மாதத்தில் பேசினாள். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார்.

வரிசை திட்டத்திட்ட, அவர் என் பதிலுக்காக நின்றதை நினைத்துக்கொள்வேன். அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி நின்றதில்லை.