மேலே தூங்குகிறவர்

படிக்கட்டுகளைப் படம் எடுக்கிற கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. தெப்பக்குளத்தில் தண்ணீருக்குள் இறங்கி மறைகிற கல்படிகளில் ஆரம்பித்தது. அப்புறம் லாட்ஜ் படி, மில் படி, வயக்காட்டுக் கிணற்றுப் படி என்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நண்பன் ஒருவன் பைக் ஓட்டுவான்.

அன்று எழுமலைப் பக்கம் கிளம்பினோம். கப்பலூர் தாண்டிச் சாலையோரத்தில் ஒரு படிக்கட்டு மட்டும் தனியாக நின்றது. சாலையை அகலப்படுத்த வீட்டை இடித்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள் போல. மேலே அறை இல்லை, சுவர் இல்லை. கடைசிப் படியில் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டீக்கடை. நண்பன் அங்கே உட்கார்ந்துவிட்டான்.

படிகள் அப்போதுதான் கழுவிவிட்டதுபோல் ஈரமாக இருந்தன. முதல் படியில் கோலம். நான் கேமராவை எடுத்ததும் பின்னாலிருந்த தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கண்ணே. சத்தம் போட்றாதீங்க. எங்க வீட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து மேல தூங்குறாரு."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே வெறும் வானம். இருந்தும் செருப்பைக் கழற்றினேன். ஓசைப்படாமல்தான் ஏறினேன்.

உச்சிப் படியில் நின்றபோது அடுத்த வீட்டுப் படுக்கையறை வாசலில் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது. கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் அந்த இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்கு நேர் எதிரே, மிகப் பக்கத்தில், கட்டிலில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

நண்பன் முகம் வெளிறியிருந்தது. "மாப்ள, அம்புட்டு நேரம் யார்ட்டடா பேசிக்கிட்டிருந்த?"

"நான் எங்கடா பேசுனேன்? இப்பத்தான ஏறுனேன்."

"தலையத் தலைய ஆட்டிப் பேசுன. எத்தன தடவ கூப்புட்டேன், திரும்பவே இல்ல."

எனக்காக வாங்கி வைத்திருந்த டீ ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது. டீக்கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்தக்கா வீட்டுக்காரரு இறந்துட்டாராண்ணே?"

அவர் கிளாசைக் கழுவியபடியே சொன்னார். "நான்தான் அவ வீட்டுக்காரன்."

கிளாசைக் கவிழ்த்து வைத்தார். அவரே பேசினார். "கம்பெனில நைட் ஷிப்ட் பாத்தேன். பகல் பூரா மேல் ரூம்புலதான் தூங்குவேன். வீடு போச்சு, அந்த வேலையும் போச்சு. இவ இன்னும் படியக் கழுவுறா. ராத்திரி எனக்குச் சோறு போடுறா, நல்லாத்தான் பேசுறா. ஆனா பகல்ல கேட்டா, மேல தூங்குறாருங்கிறா."

"நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

"ஏறல. நான் இங்க நிக்கிறேன். அங்க தூங்குறது யாருன்னு தெரிஞ்சிட்டா என்ன பண்றது?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "நீங்க போனதுல முழிச்சுட்டாரா?"

"இல்ல, தூங்குறாரு" என்று என் வாய் சொன்னது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

எழுமலைக்குப் போகாமல் திரும்பிவிட்டோம். எடுத்த படத்தில் படியும் வானமும்தான் இருந்தன.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். படிக்கட்டை இடித்துத் தார் போட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி அதே டீக்கடை. அவர் மனைவி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மேலே இருந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீ ஆற்றியவரின் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"என்னண்ணே, உடம்பு முடியலையா?"

"படிய இடிச்சதுலருந்து தூக்கமே வரலண்ணே" என்றார். "பகலும் இல்ல, ராத்திரியும் இல்ல."