கூரைக்குள் இருந்த தமிழ் எழுத்து

தகரத்தில் செய்த பழைய பொம்மை வீடுகளைச் சேர்ப்பது என் வழக்கம். பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பங்கள் திருகோணமலையை விட்டுப் போனபோது அப்படிப் பல வீடுகளை இங்கே விட்டுச் சென்றன. அவற்றின் வயதைக் கணிக்க ஆட்கள் என்னைத்தான் தேடுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த ஒரு கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி அலுமாரியில் பச்சைக் கூரையோடு ஒரு பொம்மை வீடு இருந்தது.

"எங்கட அப்பாவுக்கு ஒரு கப்டன் குடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பொம்பிளை பார்க்க வருகினம். லண்டன் சாமான் எண்டு நீங்கள் அவையளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணும்."

கூரையைக் கழற்றினேன். நிறம் பூசாத உட்புறத்தில் 'விசுக்கோத்து' என்ற தமிழ் எழுத்துகள் தலைகீழாக நின்றன. கடை பிஸ்கட் டின்னின் தகரத்தை வெட்டி மடித்திருக்கிறார்கள். ஒரு மடிப்பிலும் பிசகில்லை.

"இது இஞ்ச செய்தது, ஐயா. லண்டன் வீட்டைவிடத் திறமான வேலை," என்றேன் சந்தோஷமாக.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி, "உங்கட அப்பா தகரம் வெட்டிச் செய்தது எண்டு சொல்லுங்கோவன். அதில என்ன?" என்றார்.

"வாயைப் பொத்து!" என்று கத்திவிட்டு அவர் என்னிடம் திரும்பினார். "நீர் வயசு சொல்ல வந்தனீரோ, எங்கட சாதி சொல்ல வந்தனீரோ? எழும்பி வெளியில போம்!"

படலையைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கூரையை மடியில் கவிழ்த்து வைத்து, அந்த எழுத்துகளைப் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

என்னிடமுள்ள வீடுகளில் ஒன்றையேனும் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்த்த ஒரே மனிதரின் பெயரை, அவருடைய மகனிடம் கேட்க முடியாமற் போயிற்று.