பதினேழு வளைவுகளில் ஒரு படிகம் கலைந்தது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, போடியிலிருந்து பூப்பாறைக்குப் போனேன். அங்கே ஓர் அறிவியல் மன்றத்தில் ‘ரெட்டை பெரோவ்ஸ்கைட்’ என்ற, இரண்டு உலோக அணுக்கள் மாறி மாறி அமர்ந்த காந்தப் படிகங்களைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நான் படித்தது பி.காம், இயற்பியல் முழுக்க இணையத்தில் கற்றது. சொதப்பினால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

மடியில் அறுபத்துநான்கு குழி உள்ள அட்டைத் தட்டு. ஏலக்காய்தான் நிக்கல், காப்பிக்கொட்டை மாங்கனீசு. படிகத்தில் இருப்பதுபோலவே சதுரங்கக் கட்டமாக மாறி மாறி வைத்திருந்தேன். வேற்று அணு பக்கத்தில் இருந்தால் இரண்டின் காந்தமும் ஒரே திசையில் சேரும். (ஒட்டியிருக்கலாமே என்கிறீர்களா? மேடையில் இடம் மாற்றிக் காட்ட வேண்டுமே!)

காலை 6.10க்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்பு. போடிமெட்டுக்கு 27 கி.மீ., பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவதில் ஒரு பிரேக். தட்டு கவிழ்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

7.20க்கு போடிமெட்டு டீக்கடையில் நிறுத்தினார்கள். எதிர் சீட்டு முத்துலட்சுமி அக்கா தட்டையும், பொறுக்கிய காய், கொட்டைகளையும் வாங்கினார். “அழுகாத பாப்பா. காய் பிரிக்கிறது எங்க சோலிதான், வெரசா முடிச்சிருவோம்.”

முகம் கழுவித் திரும்பினால் அக்காவும் கூட வந்த பெண்களும் வேலையை முடித்திருந்தார்கள். ஏலக்காய் மொத்தமும் ஒரு பக்கம், காப்பி மொத்தமும் மறுபக்கம். அதிலும் பெருங்காய் மேலே, சிறுகாய் கீழே!

“அய்யோ அக்கா, காந்தமே செத்துப்போச்சு!”

“என்னடி சொல்றா இவ? ரகம் பிரிச்சாத்தான வெல போகும்?” என்று அக்கா பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார்.

ஒரே ரகம் அடுத்தடுத்து உட்கார்ந்தால் ஒன்று வடக்கே இழுக்கும், மற்றது தெற்கே இழுக்கும், மொத்த வலுவும் போய்விடும் என்று விளக்கினேன்.

“எங்க வீட்டு ஓரகத்திக மாதிரின்னு சொல்லு!” என்றார் அக்கா.

டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். “ஆத்தா, காந்தத்த அப்பறமா செய்ங்க, லேட்டாகுது!”

மறுபடி அடுக்கினார்கள், இம்முறை மாறி மாறி. பூப்பாறையில் இறங்கும்போது அக்கா காதருகே சொன்னார்: “ஒரு ஜோடிய மட்டும் எடம் மாத்தி வச்சிருக்கேன். எங்கன்னு அந்தப் படிச்சவுகள கண்டுபிடிக்கச் சொல்லு.”

பத்து மணிக் கூட்டத்தில் அதையே கேட்டேன். அரங்கமே எழுந்து வந்து தட்டை மொய்த்தது. கண்டுபிடித்ததும் எண்ணினோம்: இடம் மாறிய ஒவ்வொன்றையும் சுற்றி நாலு பக்கமும் அதே ரகம், அதாவது நாலு சண்டை, ஆக எட்டு. நிஜப் படிகங்களில் காந்தம் கணக்கைவிடக் குறைவதற்கு இந்த இடமாற்றம் ஒரு முக்கியக் காரணம். சமன்பாடு எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது!

போகிறவர்களுக்கு: போடியில் ஆறு மணிக்கே ஜீப்புக்கு நில்லுங்கள், முன் சீட்டு கேளுங்கள், தட்டுக்கு மூடி போடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் தம் கல்லூரிக்கும் பேச அழைத்திருக்கிறார். அழைப்பிதழில் இரண்டு பெயர்கள் போடச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்பதால், கூட்டத்தையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள்.