தண்ணீர் குடித்த குரல்

பெரியப்பா தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினால் அது பெரியப்பாவின் குரலாக இருக்காது. எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. கண்டுபிடித்ததை நான் யாரிடமாவது சொன்னேனா என்றால், இல்லை. அந்த எட்டு வயதுக் கழுதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் புஞ்சையில் ஒரு கிணறு உண்டு. மோட்டார் மக்கர் பண்ணினால் அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். பெரியப்பா மேலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். நான் கிணற்று ஓரத்தில் நிற்பேன் என்பது தெரிந்து, அப்பா கீழேயிருந்தே, “பாப்பா, எட்டிப் பாக்காத!” என்று கத்துவார். ஈரத்தில் நனைந்து, கொளகொளவென்று அந்தக் குரல் மேலே ஏறி வரும். கடைசியாக இறங்கிய அன்றும் அதையேதான் சொன்னார். பிறகு கயிறு அறுந்துவிட்டது.

அதற்கப்புறம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார்களாம். எங்கள் ஆட்கள் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு குழறியது, எழுந்து நடக்க முடியவில்லை. ஆனாலும், “ரெண்டு வாய் சோறு எறங்குதுல்ல, அது போதும்” என்று பெரியம்மா நிம்மதியாக இருந்தார்.

முழுப்பரீட்சை லீவு. அம்மாவும் பெரியம்மாவும் மிளகாய் பறிக்கப் போய்விடுவார்கள். உச்சி வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. கருவேலங்காட்டுப் பக்கமிருந்து அனல் காற்று வந்து கதவைத் தள்ளும். வீட்டில் நானும் பெரியப்பாவும் மட்டும். ஒரு நாள் தண்ணீர் கேட்டார். பானையிலிருந்து மொண்டு வந்து, நல்லாயிருந்த பக்கமாகச் சரித்து ஊற்றினேன். குடித்து முடித்து, “பாப்பா” என்றார்.

என் கையிலிருந்து டம்ளர் நழுவிவிட்டது. அது கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல்.

பயந்து வாசலுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் அங்கே இருக்க முடியாமல் திரும்பி வந்தேன். “இன்னொருக்கா சொல்லுங்க பெரியப்பா” என்றேன். சொன்னார், சாதாரணக் குரல். மறுபடி தண்ணீர் கொடுத்துச் சொல்லச் சொன்னேன். அப்பா வந்துவிட்டார். கஞ்சி குடித்தால் வருவதில்லை, பிசைந்த சோற்றுக்கும் வருவதில்லை, தண்ணீருக்கு மட்டும்தான் வருவார் என்று நாலைந்து நாளில் சோதித்து அறிந்துகொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம், “‘எட்டிப் பாக்காத’ன்னு சொல்லுங்க” என்று கேட்டேன். பெரியப்பா என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல, “பாப்பா… எட்டிப் பாக்காத” என்றார். மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதன்பின் உச்சிப் பொழுதானால் அவரே பானையைக் கண்ணால் காட்டுவார்.

சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. வெயில் சூடு என்றார்கள். மூச்சு கொரகொரத்தபோது சளி என்றார்கள். கடைசியில்தான் அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு நர்ஸக்கா வந்தார்.

பெரியப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். “முழுங்குங்கய்யா. இப்ப ‘ஆ’ன்னு சொல்லுங்க.”

அப்பா, “ஆ” என்றார்.

இந்த அக்காவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தண்ணீர் கொடுத்து அப்பாவைக் கூப்பிடும் வித்தை எனக்கு மட்டும்தானே தெரியும்!

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். “கொரலு நனைஞ்சு வருது பாருங்க. தண்ணி வயித்துக்குப் போகல, நெஞ்சுக்குள்ள போகுது. இனிமே தண்ணி, காப்பி எதுவும் ஒரு சொட்டு குடுக்கக்கூடாது.”

“அவுக ஒரு தடவகூட இருமலையேம்மா?” என்றார் பெரியம்மா.

“இருமுனா நல்லதுக்கா, உள்ள காவல் இருக்குன்னு அர்த்தம். இவுகளுக்கு அந்தக் காவலே இல்ல.”

“நாக்கு வறண்டு கெடக்குற மனுசனுக்குத் தண்ணி குடுக்காதன்னா, இது எந்த ஊரு ஞாயம்மா?” பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

“நாங்க கஞ்சியும் சோறும்தான் குடுத்தோம், எப்பவாச்சும் ஒரு மடக்குத் தண்ணி” என்று அம்மா சொன்னதும், “அதுக்கு நெஞ்சு இப்படிக் கட்டாதே. பகல்ல தண்ணி குடுத்தது யாரு?” என்றார் அக்கா.

பெரியப்பா மூச்சை இழுத்து இழுத்து, “நானே… எந்திரிச்சுப் போயி… குடிச்சேன்” என்றார்.

அக்கா அவருடைய செத்த காலைப் பார்த்தார். பிறகு அறையின் மறுகோடியில் இருந்த பானையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

வண்டி புறப்பட்டபோது ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டுகொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். போகிற இடத்தில் தண்ணீர் கொடுக்க மாட்டார்களே, அப்பா வர வேண்டுமே என்ற தவிப்பு. தண்ணீர் சிந்திச் சிந்தி, மெயின் ரோட்டுக்கு வரும்போது டம்ளரில் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள், “பெரியப்பன் மேல பிள்ளைக்கு எம்புட்டுப் பாசம் பாரு” என்று உச்சுக் கொட்டினார்கள்.

பெரியப்பா பிழைத்து வந்தார். கெட்டியான கஞ்சியும் மாவு கரைத்துக் கெட்டியாக்கிய தண்ணீருமாக ஆறு வருடம் இருந்தார். குரல் காய்ந்துபோய், முழுக்க அவருடையதாகவே இருந்தது. அப்பாவைத் துரத்திவிட்டார் என்று ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அதற்கும் மேல், நடக்கவே முடியாத மனுஷர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததாக எல்லார் முன்னாலும் இப்படியொரு பச்சைப் பொய் சொல்கிறாரே என்று அவரை நினைக்கவே எனக்குக் கேவலமாக இருந்தது.