ஓரக் குழிகள்

மோஸ்தாக் பாய் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபடியே ரசமலாய்க்குப் போன் செய்துவிட்டார். தட்டின் சின்னக் குழிகளில் குழந்தைகளின் ரத்தநீர். நோயெதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவு மஞ்சள். எங்கள் காலரா தடுப்பு மருந்து வேலை செய்திருந்தது. மறுநாள் காலை அமைச்சகத்து ஆட்கள் வருகிறார்கள்.

எங்கள் எல்லோருக்கும் அக்காவான நாஜ்னீன் ஆபா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் டாக்கா காலரா வார்டில், பேதி கீழே வாளியில் விழ நடுவில் ஓட்டை போட்ட கட்டில்களுக்கிடையே சலைன் மாட்டிக்கொண்டு ஓடிய டாக்டர். பிழைத்துப் போன பிள்ளைகளே அடுத்த மழைக்கும் தூக்கிவரப்பட்டதைக் கண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவர், வெளியே வரவே இல்லை. அடுத்த வாரம் பணி ஓய்வு.

"ஃபேனை யார் போட்டது?"

"ஏசி செத்துப்போச்சு ஆபா. நாங்களும் சாகணுமா?" என்றார் மோஸ்தாக் பாய்.

"மருந்துக்கு அப்புறம் எடுத்த ரத்தம் எந்தக் குழியில?"

"ஓரத்துல. முன்னாடி எடுத்தது நடுவுல."

காற்று பட்டால் ஓரக் குழிகள்தான் முதலில் காயும். காய்ந்தால், மருந்து வேலை செய்யாவிட்டாலும் மஞ்சள் கூடும். நான் போய் ஃபேனை அணைத்தேன்.

"திரும்பப் பண்ணணும்."

"ஆளுக்கு ஒரு சொட்டுதான் மிச்சம், ஆபா! அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப மீசையே முளைச்சிருக்கும். இதுவும் போனா உங்க ஆராய்ச்சியே இல்ல. நல்லது நடந்தாலும் மாமியார் மாதிரி குத்தம் பார்க்கணுமா?"

"மாமியாராவே இருந்துட்டுப் போறேன். வார்டுல வந்து படுக்கப்போறது உன் ஃபேன் இல்ல."

அவரே உட்கார்ந்தார். வியர்வை விழாதிருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டார். ஓரக் குழிகளில் வெறும் தண்ணீர். நடுவில் இடப்பக்கம் மருந்துக்கு முன், வலப்பக்கம் பின். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். கடைசிக் குப்பியை நான் நீட்ட, அதையும் சொட்டிவிட்டுத் தட்டை மூடினார். ஃபேன் நின்றே இருந்தது.

மாலையில் நிறமேற்றும் திரவத்தை விட்டோம். ஒன்றும் இல்லை. மோஸ்தாக் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபா இமைக்கவில்லை.

வலப்பக்கத்தில், எலுமிச்சைச் சாறு போல, வெளிர்மஞ்சள் படரத் தொடங்கியது. இடப்பக்கம் தெளிவாகவே கிடந்தது.

"காலையில பார்த்ததுல பாதிகூட இல்ல," என்றார் மோஸ்தாக் பாய்.

"ஆனா இருக்கு."

"நாளைக்கு அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"இவ்வளவுதான்னு. இன்னொரு டோஸ் குடுத்துப் பார்க்கணும்னு." ஆபா நெற்றித் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "இப்பப் போடுடா உன் ஃபேனை."